குரோம்பேட்டைக் கிணறுகளும் கூட்டு முயற்சியும்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையில், பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே அமைந்துள்ளது குரோம்பேட்டை. தெய்வத்தின் பெயராலோ, ஏரி குளத்தின் பெயராலோ, மரத்தின் பெயராலோ ஊர்கள் வழங்கப் பெறுவதே இந்நாட்டின் வழக்கம். இவ்வூருக்கோ ஓர் உலோகத்தின் பெயர் வாய்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு ஏற்பட்ட குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் பதனிடும் தொழிற்சாலையே அதற்குக் காரணம். குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு தோலைப் பதப்படுத்தும் முறை அச்சாலையில் கையாளப்பட்டது. அவ்வுலோகம் ஊரின் பெயரில் மாத்திரம் நின்றிருந்தால் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. காலக்கிரமத்தில் அது சுற்றுப்புறக் கிணறுகளிலும் சென்று சேர்ந்தது. அது எவ்வாறு நேர்ந்தது, அதைத் தடுக்க என்ன செய்யப்பட்டது, இன்னும் செய்யக்கூடியது யாது என்பவற்றைக் கிணற்று நீரை நம்பி வாழும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

குரோம் முறை சென்னை மாகாணத்திற்கு வந்த வரலாறு சற்று விசித்திரமானது. ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி 1903-ஆம் வருஷத்தையொட்டி இம்முறையைச் சென்னையில் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அக்காலத்தில் குடியானவர் கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கவலை ஏற்றத்தில் தோற் சால்களை உபயோகித்து வந்தனர். மரப்பட்டையால் பதனிட்ட தோல் இடைவிடாது நீரில் நனைவதால் விரைவில் கெட்டு விடும். குரோம் தோலோ நீருக்கு நன்றாய்த் தாங்கும். ஆகவே கவலைச் சாலுக்கு ஏற்ற தோலைச் செய்வது அச்சோதனைகளின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. குடியானவனின் கிணற்று நீரை எளிதாக மேலே கொண்டுவருவதற்கென்று எண்ணப்பட்ட பொருளே, பிற்காலத்தில் கிணற்று நீரைக் கெடுக்குந் தன்மையுடையதாய் முடிந்தது. அதற்கு அடுத்த வருஷமாகிய 1904-இல் தான் திருவள்ளூரை அடுத்த திரூரில் இம்மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை என்பதை நினைவிற் கொண்டால் பின்னே வரும் செய்தி நன்கு விளங்கும்.

தோல் பதனிடுதல் இந்நாட்டிற்குப் புதியதன்று. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலை வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்துப் பதம் செய்வது பழைய முறை. அம்முறையிலும் சுண்ணாம்பு நீரும், உரோமமும், சதைத் துணுக்குகளும், துர்நாற்றமும் உண்டு. அதை அடியோடு குற்றமற்றது என்று கூறுவது பொருந்தாது. ஆனால் பட்டைச் சாறு நாளடைவில் மக்கி மறைந்து விடும். உலோகம் மக்காது. குரோம் முறையில் சுழலும் மரப் பீப்பாய்களில் தோலை இட்டு, குரோமிய உப்புக் கரைசலை ஊற்றி உருட்டினால், வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்து விடுகிறது. தோலும் மிருதுவாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் அமைகிறது. இவ்வளவு லாபம் கண்ட பின் தொழிலாளர் புதிய முறைக்கு மாறினதில் வியப்பில்லை.

இடர்ப்பாடு எங்கே என்றால், பீப்பாயில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் உட்கொள்ளுவதில்லை. சாதாரணமாக நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரையே தோலில் ஏறுகிறது. மீதி நீல நிறக் கழிவு நீரோடு வெளியே போய் விடுகிறது. உப்பின் கதை இதனினும் பெரிது. ஆட்டையோ மாட்டையோ அறுத்தவுடன் தோல் அழுகாமலிருக்கும் பொருட்டு அதன் நிறையில் நூற்றுக்கு 40 பங்கு அளவு சாதாரண உப்பைத் தடவி வைப்பது வழக்கம். பதனிடும் சாலைக்கு வந்ததும் முதல் வேலை அவ்வுப்பைக் கழுவித் தள்ளுவதே. ஒரு கிலோகிராம் தோல் பதப்பட்டு முடிவதற்குள் ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், குரோம் முறையில் சுமார் 170 வகை இரசாயனப் பொருள்கள் உபயோகமாகின்றன என்றும் 1996-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. இவ்வளவு நீரும் முதலில் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டதே. திரும்பவும் நிலத்திற்கே போயிற்று. எடுத்தபோது இருந்த குணம் போனபோது இல்லை.

குரோம்பேட்டையை அடுத்த நாகல்கேணியிலும், பம்மல், பல்லாவரம் முதலிய இடங்களிலும் சிறியனவும் பெரியனவுமாகத் தோற் சாலைகள் பல்கின. பல ஆண்டுகள் கழிவு நீர் தெருவோரக் கால்வாய்களிலும் தாழ்ந்த பூமியிலும் விடப்பட்டது. மண் சல்லடையைப் போல் எல்லாவற்றையும் வடிகட்டி விடும் என்ற எண்ணம் அக்காலத்தில் பலருக்கு இருந்தது. மண் ஓரளவு குரோமியத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும் என்பது மெய்யே. உப்பை அது பிடிப்பதில்லை. மேலும் இவ்வட்டாரத்தின் பூமி மேலே சிறிது மண்ணும், அதன்கீழ் மக்கிய பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் கொண்ட கெட்டிப் பாறையுமாக அமைந்தது. பல்லாவரத்துக் கரும்பாறை உலகத்துப் பாறை நூலார் அனைவரும் அறிந்த ஒன்று. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் சமாதிக் கல் இவ்வகைப் பாறையாலானது என்பது கொண்டு அதற்குச் சார்னோக்கைட் என்றே பெயரிட்டனர். அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீரே கிணறுகளுக்கு ஆதாரம். வெடிப்பு வழியே கழிவு இறங்கி விட்டால் அது எந்தத் திசையிற் செல்லும், எந்தக் கிணற்றில் தலை காட்டும் என்பதை மேலிருந்து சொல்ல இயலாது. அடுத்த தெருக் கிணறு நன்றாயிருக்க, நான்காம் தெருக் கிணறு கெட்டுப் போவதும் உண்டு. ஒருமுறை கெட்ட பாறை நீர் பல மழைக் காலங்கள் கழிந்த பின்னரே தெளியும்.

அண்ணா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் குரோம்பேட்டைத் தோற் சாலைகளைச் சூழ்ந்த நிலத்தடி நீரைச் சோதித்து 2010-ஆம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டனர். பல இடங்களில் குரோமியம் குடிநீருக்கு விதித்த எல்லைக்கு மேற்பட்டிருந்தது. அவ்வெல்லை லிட்டர் ஒன்றுக்கு 0.05 மில்லிகிராம். அதாவது 20,000 லிட்டர் கொண்ட தொட்டி ஒன்றில் ஒரே ஒரு கிராம். இத்துணைச் சிறிய அளவைக் கண்ணாலும் நாக்காலும் அறிய முடியாது. நீர் பளிங்கு போல் இருந்தாலும் அதில் குரோமியம் இருக்கலாம். குரோமியத்திலும் இரண்டு வகை உண்டு. தோலுக்கு உபயோகிப்பது பெரும்பாலும் மூன்றாம் நிலைக் குரோமியம். அதன் தீங்கு ஒப்பிட்டுப் பார்க்கையில் குறைவு. ஆறாம் நிலைக் குரோமியமோ கொடிய விஷம். புற்றுநோயை விளைக்கக் கூடியது என்று மருத்துவ நூலார் உறுதி செய்துள்ளனர். மண்ணில் உள்ள சில தாதுக்களின் சேர்க்கையால் முதல் வகை சிறிது சிறிதாக இரண்டாம் வகையாக மாறவும் கூடும். ஆகையால் முன்னது தானே என்று அசட்டையாயிருப்பது தகாது.

பயிருக்கு நேரும் கெடுதி பெரும்பாலும் உப்பினால் வருவது. உப்பு நீர் பாய்ந்த பூமி முதலில் வெண்மை பூக்கும்; பின் ஈரத்தில் குழைந்து, காய்ந்தால் கல்லாய் இறுகும். ஏர் பிடிக்காது. நெல் நாற்று நுனி கருகும். தென்னை சில காலம் தாங்கும். அதைக் கண்டு நிலம் நன்றாயிருக்கிறதென்று ஏமாறுவோர் பலர்.

குரோம்பேட்டைக்கு நேர்ந்தது தனியான சம்பவமன்று. வட ஆற்காட்டிலும் திண்டுக்கல்லிலும் அது இன்னும் பெரிய அளவில் நடந்தது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தார் கணக்கெடுத்தபோது, 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப் போயிருந்தன. தோற் சாலைகள் நிறைந்த பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஓரளவோ முழுதுமோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வெளிவந்தது. பல்லாவரம் அப்போது சேர்ந்திருந்த செங்கை எம்.ஜி.ஆர். ஜில்லா உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களின் தோற் சாலைகளுக்கு அது கட்டளையிட்டது. ஒவ்வொரு சாலையும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும். அவ்வருஷம் நவம்பர் 30-ஆம் தேதிக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற் சேரவோ, தனியே அமைத்துக் கொள்ளவோ வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். கெடுதி விளைத்தவனே அதைத் தீர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இத்தீர்ப்பினால் இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. ஊர்க் கால்வாயை உடைத்தவன் கரையைக் கட்டித் தர வேண்டும் என்பது கிராமப் பஞ்சாயத்துக்களில் நெடுங்காலமாக உள்ளதே.

கூட்டுறவாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இனி வருவது. நாகல்கேணி வட்டாரத்துத் தோற் சாலைகளிற் பல மிகச் சிறியவை. சில குடும்பத்தாரும் பத்துப் பதினைந்து கூலியாட்களுமாக நடத்துபவை. ஒரு சிறு முதலாளி தனக்கென்று சுத்திகரிப்புத் தொட்டிகளும் காற்றுப் பாய்ச்சும் யந்திரங்களும் அமைப்பதென்றால் தன் சாலையின் மதிப்பைவிட அதிகமாகச் செலவிட நேரும். பயிர்க் கடனுக்குத் தனியே சாகுகாரிடம் சென்ற சிறு குடியானவனின் நிலைமையும் இதுவேயன்றோ? ஆகவே சுமார் 150 சாலைக்காரர் பங்கு போட்டு ஒன்று சேர்ந்து, 1990-களின் இடையில், நாள் ஒன்றுக்குச் சுமார் 30 லட்சம் லிட்டர் கழிவு நீரைச் சுத்தி செய்யத் தக்க பொது நிலையம் ஒன்றை அங்கேயே ஏற்படுத்தினர். சட்டப்படி அது ஒரு கம்பெனியே. ஆயினும் அதன் உயிர் கூட்டுறவுத் தத்துவமே.

நிலையத்தின் வேலை முறையைச் சுருக்கமாகக் கூறலாம். சாலைகளிலிருந்து குழாய் வழியே வரும் நீர் முதலில் கம்பி வலையிற் படிந்து உரோமமும் துணுக்கும் நீங்கும். பின் பெருந்தொட்டி ஒன்றில் எல்லாச் சாலைகளின் நீரும் கலந்து சமனாகும். காலையில் வரும் சுண்ணாம்பு நீரும் மாலையில் வரும் அமில நீரும் தனித்தனியே போனால் அடுத்த கட்டம் கெட்டு விடும் ஆதலால் இது முக்கியமானது. அதன்பின் சுண்ணாம்பும் படிகாரமும் போன்றவற்றைக் கலந்தால் குரோமியம் சேற்றோடு அடியில் படியும். மேல்நீர் காற்றுப் பாய்ச்சும் தொட்டிக்குச் செல்லும்; அங்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மீதி அழுக்கை உண்டு தீர்க்கின்றன. அவ்வுயிர்களும் தீனி போட்டுக் காப்பாற்ற வேண்டிய ஜீவன்களே. ஒருவர் கொடிய சரக்கைத் திடீரென்று விட்டு விட்டால் அவை மடியும். நிலையம் பல நாள் வேலை செய்யாது. 150 பேருக்கும் நஷ்டம்.

கூட்டு நிலையத்தின் பலவீனமும் இங்கேதான். ஒரு சங்கத்தில் இரண்டொருவர் கடன் தவணையைக் கட்டாமற் போனால் ஏனையோரும் தளர்வது போல, இரவில் திருட்டுத்தனமாகக் கால்வாயில் விடுபவன் ஒருவன் இருந்தாலும் ஒழுங்காகப் பணங் கட்டி நடப்பவன் தன்னை ஏமாந்தவன் என்று நினைக்கத் தொடங்குகிறான். ஆகவே ஒவ்வொரு சாலையின் நீரையும் அளந்து அதற்கேற்பக் கட்டணம் வாங்குதல், குரோம் கழிவை மற்றவற்றோடு கலக்காமல் சாலையிலேயே தனித்துப் பிரித்தல், கணக்குகளை அங்கத்தினர் அனைவரும் பார்க்க வைத்தல் ஆகிய மூன்றும் இல்லாத நிலையம் நெடுநாள் நில்லாது. தணிக்கை என்பது பணத்திற்கு மாத்திரம் உரியதன்று.

இவ்வகை நிலையத்தால் ஆகாத காரியங்களும் உள. நீரிற் கரைந்த உப்பை இம்முறை நீக்காது. சுத்தி செய்த பின்னும் உப்பு அப்படியே வெளியேறும். அதை நீக்கச் சவ்வு வழியே நீரை அழுத்திப் பிழியும் யந்திரமும், எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சும் அடுப்பும் வேண்டும்; செலவு அதிகம். மற்றொன்று, படியும் சேறு. நீரிலிருந்து எடுத்த குரோமியம் அழிந்து போகவில்லை; சேற்றில் குடியேறி விட்டது. அதைக் கசியாத தளமிட்ட குழியிற் புதைத்துக் காவல் செய்ய வேண்டும். இராணிப்பேட்டையில் இதற்கு எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. அங்கே குரோமிய இரசாயனங்கள் செய்து வந்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலை அப்படியே விட்டுச் சென்றது. மழை பெய்யுந்தோறும் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன் தோற் கழிவுச் சேற்றுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் மீது சேறு பாய்ந்ததில் 10 பேர் மாண்டனர். மாண்டவர்கள் வேலை தேடி வந்த ஏழைகள்.

இவற்றைக் கண்டு தோல் தொழிலையே ஒழித்து விட வேண்டும் என்பாருமுண்டு. அது எளிதிற் சொல்லக் கூடிய வார்த்தை. நாகல்கேணியிலும் பம்மலிலும் அத்தொழிலால் அடுப்பெரியும் குடும்பங்கள் பல. அவர்களே அதன் நாற்றத்தையும் கெட்ட நீரையும் முதலில் சகிக்கிறவர்கள். தொழிலை வைத்துக் கொண்டே தீங்கைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. 1948-இல் அடையாற்றில் ஸ்தாபிதமான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றிற் பலவற்றைச் சாலைகளுக்குக் கற்பித்துள்ளனர். நனைக்கு முன்னே தோலைத் தட்டி உதறினால் உப்பில் கணிசமான பகுதி உலர்வாகவே பிரிந்து வரும். அதற்குப் பலகை ஒன்றும் இரண்டு ஆட்களுமே தேவை. கழிவிலுள்ள குரோமியத்தை மக்னீசியம் ஆக்ஸைடு கலந்து அடியிற் படியச் செய்து, மேல்நீரை வடித்து, படிந்ததைக் கந்தக அமிலத்திற் கரைத்தால் மறுபடியும் பீப்பாயில் இடக் கூடிய குரோம் சரக்கு கிடைக்கும். விலை கொடுத்து வாங்கிய சரக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கால்வாயில் ஊற்றிவிட்டு, அதை எடுப்பதற்கு வேறு பணம் கட்டுவது வியாபாரக் கணக்குக்கே ஒவ்வாது.

குற்றம் முழுவதையும் தோற் சாலைகளின் மேல் ஏற்றிவிட்டு மற்றவர் நழுவிக் கொள்ளவும் இடமில்லை. கெட்ட நிலத்தடி நீரைத் தேற்றுவது புதிய மழை நீரே. மழை நீரை நிலத்தினுள் இறக்குவது ஏரிகளே. செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே முன்னோர் வழங்கினர். பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்துச் சாலை போடப்பட்டது; குப்பை கொட்டப்பட்டது. செம்பாக்கம், சிட்லபாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய இடங்களின் ஏரிகளில் வீட்டுச் சாக்கடை விடப்பட்டது. அவ்வாறு செய்தவர்கள் தோல் முதலாளிகளல்லர். நல்ல உத்தியோகத்திலிருந்த வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களுமே. வரத்துக் கால்வாய்களும் போக்குக் கால்வாய்களும் மனைகளாயின. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, வழியில்லாத நீர் வீடுகளுக்குள் புகுந்தது. நான்காண்டு கழித்து, 2019 கோடையில், அதே பிரதேசத்தார் குடிநீருக்கு லாரிக்காகக் குடத்தோடு நின்றனர்.

அக்கோடையில் சிட்லபாக்கத்து மக்கள் ஒரு நல்ல காரியம் செய்தனர். வற்றிய ஏரியில் ஞாயிறுதோறும் தாமே இறங்கிக் குப்பையை வாரித் தூர் அகற்றினர். பின்னரே சர்க்கார் பணமும் யந்திரமும் வந்தன. முன்னாளில் குடிமராமத்து என்று வழங்கியதும் இதுவே. இவ்வேரிகளின் உபரி நீர் முடிவிற் சென்று சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-ஆம் வருஷத்தில் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நிலங்களின் ஜாபிதாவிற் சேர்க்கப்பட்டது. சர்வதேசப் பட்டியலில் ஏறி விட்டதனாலேயே மேலேயுள்ள ஏரிகளின் சாக்கடை நின்று விடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, அங்கத்தினர் தம் கிணற்றைப் பற்றிச் செய்யத் தக்கவை. நீர் உப்புக் கரித்தாலோ, சட்டியின் அடியில் வெள்ளைப் படிவு மிகுந்தாலோ, அண்மையில் பதனிடும் சாலையோ சாயப் பட்டறையோ உலோக முலாம் பூசும் பட்டறையோ இருந்தாலோ, சோதனை அவசியம். காய்ச்சிக் குடித்தால் போதும் என்பது பரவலான தப்பெண்ணம். காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். உப்பும் உலோகமும் சாகா. நீர் ஆவியாய்க் குறையுந்தோறும் அவற்றின் செறிவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டுவதும் தேற்றாங்கொட்டை தேய்ப்பதும் இதற்கு உதவா.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச் சாலைகளில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக் கொள்ளலாம். ஒருவரே செலுத்துவது பாரமானால் தெருவுக்கு ஒரு கிணறாகத் தெரிந்தெடுத்துச் சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து செலவு செய்வது பற்றிப் பொதுக் கூட்டத்தில் தீர்மானிக்கலாம். சாதாரணச் சோதனையில் உப்பும் கடினத் தன்மையும் தெரியும். குரோமியத்தைப் பார்க்க வேண்டுமென்று தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். உலோகச் சோதனைக்கு உரிய புட்டியையும் அதில் இடவேண்டிய அமிலத்தையும் சோதனைச் சாலையிலேயே கேட்டுப் பெறுவது நலம். முடிவுத் தாளில் கரைந்த உப்புக்களின் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல நீர். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. குரோமியத்திற்கு அத்தகைய சலுகை கிடையாது, 0.05-க்கு மேற்பட்டால் அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது.

ஒரே ஒரு தாளைக் கையில் வைத்துக் கொண்டு அதிகாரிகளிடம் செல்வோரின் முறையீடு பெரும்பாலும் நிற்பதில்லை. 1974-ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதிலும் பயன் கிட்டாவிடில் சென்னையில் அமர்வு கொண்டுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது, நீர் எப்போது முதல் எவ்வளவு கெட்டது என்பதே. ஆகவே சங்கத்தில் கிணற்றுப் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். கோடை முற்றிய மே மாதத்தில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறையும் அதே கிணறுகளின் நீரையே எடுக்க வேண்டும். பம்பைப் பத்து நிமிஷம் ஓட விட்டு, குழாயில் தேங்கின நீர் போன பின் பிடிக்க வேண்டும். அமிலம் இடாத புட்டியை அதே நீரால் மூன்று முறை அலம்பிக் கொள்ளுதல் அவசியம். புட்டியின் மேல் கிணற்றின் இலக்கம், தேதி, நேரம், நீர் நின்ற ஆழம் ஆகியவற்றை மசியால் எழுதி, எடுத்தவரும் சங்கக் காரியதரிசியும் கையொப்பமிட்டு, அன்றைய தினமே சோதனைச் சாலையிற் சேர்ப்பித்து ரசீது பெற்றுப் பதிவேட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.